நடையும் மண்பானையும்: சிஃப்னோஸ் தீவு

சிஃப்னோஸுக்குக் கப்பல் சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். தீவில் நீங்கள் தங்கப்போகும் நாட்களுக்குள் ஒரு சனிக்கிழமை இரவும் அடுத்த ஞாயிறு மதியமும் வந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புவதாகத் திட்டம் இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கடற்கரையும் மலைப்பாதையும் எந்தக் கிழமையிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பானை வாரத்துக்கு ஒருமுறைதான்.

பானைக்குள் இருப்பது கொண்டைக்கடலை. தீவுக்காரர்கள் அதை ரெவிதாடா என்கிறார்கள். சனிக்கிழமை மாலை, ஊறிய கடலையோடு வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிய மண்பானை விறகு அடுப்புக்குள் போகும். முன்பெல்லாம் இதற்கென்று மழைநீரைத்தான் எடுத்து வைப்பார்களாம்; கடலை பூப்போல வேகும் என்பது பாட்டிமார் கணக்கு. இரவு முழுவதும் அடங்கிய சூட்டில் வெந்து, ஞாயிறு காலை தேவாலய வழிபாடு முடியும் நேரத்தில் பானை வெளியே வரும். மசாலா என்று ஒன்றும் கிடையாது. கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவுதான். ஆனாலும் குழம்பு பழுப்பேறி, கெட்டியாக, கடலையின் இனிப்பு தனியாகத் தெரியும்படி இருக்கும். காரமும் புளியும் பழகிய நமக்கு முதல் இரண்டு கரண்டி சப்பென்று தோன்றலாம். மூன்றாவது கரண்டியில் பிடிபட்டுவிடும்.

இந்தத் தீவு இப்படித்தான். அவசரப்பட்டால் கையில் அகப்படாது. குறைந்தது ஐந்து இரவு தங்குங்கள் என்பேன். ஏழு இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது

ஏஜியன் கடலில் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் மேற்கு வரிசையில், செரிஃபோஸுக்கும் மிலோஸுக்கும் நடுவே இருக்கிறது சிஃப்னோஸ். பரப்பு சுமார் 74 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுக்க வாழ்பவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. விமான நிலையம் இல்லை. தீவு அமைதியாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆகவே ஏதென்ஸில் இறங்கி, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏற வேண்டும். சென்னையிலிருந்து போகிறவர்கள் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஏதென்ஸ் சேரலாம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் நேராகப் பிரேயஸுக்கே போகிறது. ஒரு மணி நேரம் ஆகும். நள்ளிரவில் இறங்கினால் எக்ஸ்96 பேருந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். உங்கள் கப்பல் எந்த வாயிலில் நிற்கிறது என்பதை முன்பே பார்த்துக்கொண்டு, புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது அங்கே இருங்கள்.

விரைவுக் கப்பல் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய பாணிப் பெரிய கப்பலுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், கட்டணமும் குறைவு. நேரம் இருப்பவர்களுக்குப் பெரிய கப்பலையே சொல்வேன். மேல்தளத்தில் காற்றாட உட்காரலாம்; கித்னோஸ், செரிஃபோஸ் என்று தீவுகள் ஒவ்வொன்றாக அருகில் வந்து விலகுவதைப் பார்க்கலாம். விரைவுக் கப்பலில் பெரும்பாலும் கண்ணாடிக்குள்தான் இருக்கை. சிஃப்னோஸின் துறைமுகமான கமாரெஸில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். அறிவிப்பு வந்ததும் பெட்டியோடு வாகனத் தளத்துக்கு இறங்கிக் கதவருகே தயாராக நில்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் ஏற்கமாட்டார்கள். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே தாள்களைத் தயார் செய்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தரும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

எப்போது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை நடப்பதற்கு. செப்டம்பர் முழுவதும் நடக்கவும் நீந்தவும். மே மாதத்தில் படிக்கட்டு வயல்களின் ஓரமெல்லாம் பாப்பியும் காட்டுச் சாமந்தியும் பூத்திருக்கும், ஆனால் கடல் இன்னும் குளிரும். செப்டம்பரில் மலை காய்ந்து பொன்னிறமாகிவிடும். கோடை முழுக்க வெயில் வாங்கிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால் நான் செப்டம்பரைச் சொல்வேன்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் மட்டும் காரணமில்லை. மெல்தெமி என்னும் வடகாற்று அந்த மாதங்களில் நாள்கணக்காக வீசும். கப்பல்கள் தாமதமாகும், காற்று மிகும்போது துறைமுக அதிகாரிகள் புறப்பாட்டையே தடை செய்வார்கள், அதிலும் விரைவுக் கப்பல்கள்தான் முதலில் நிற்கும். ஏதென்ஸ்வாசிகள் எல்லோரும் விடுமுறையில் வருவதால் அறை வாடகையும் ஏறிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான உணவகங்களும் விடுதிகளும் மூடியிருக்கும்.

எந்த மாதம் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள்: தீவிலிருந்து திரும்பும் கப்பலும் ஊருக்குத் திரும்பும் விமானமும் ஒரே நாளில் இருக்கக் கூடாது. நடுவில் ஓர் இரவை ஏதென்ஸில் கழியுங்கள்.

எங்கே தங்குவது

தீவின் முதுகில், மலைமேட்டில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சில ஊர்கள் இருக்கின்றன: அப்பொல்லோனியா, அதற்கு மேலே அனோ பெதாலி, வடக்கே அர்தெமோனாஸ், தெற்கே கதவாத்தி, எக்சாம்பெலா. அப்பொல்லோனியாதான் தலைநகர். பேருந்துகள் எல்லாம் இங்கே கூடுகின்றன. வங்கி இயந்திரம், மருந்துக்கடை, சுகாதார நிலையம் எல்லாம் இங்கே உண்டு. நடப்பதற்காக வருகிறவர்கள் இங்கோ அர்தெமோனாஸிலோ தங்குவதே சரி. பாதைகள் வாசலிலிருந்தே தொடங்கும். மாலையில் ஸ்தெனோ என்னும் குறுகிய தெருவில் கோடை காலத்துச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் இருக்கும். அறை அந்தத் தெருவை ஒட்டி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதிதான் முதல் தேவை என்றால் அர்தெமோனாஸ்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் கமாரெஸிலோ பிளாதிஸ் யாலோஸிலோ கடலோரத்தில் தங்கலாம். நாள் முழுக்கக் கடலே போதும் என்பவர்களுக்கு வாதி.

கார் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். கமாரெஸிலிருந்து அப்பொல்லோனியாவுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். அங்கிருந்து ஃபாரோஸ், பிளாதிஸ் யாலோஸ், வாதி, காஸ்த்ரோ என எல்லா ஊர்களுக்கும் பேருந்து உண்டு. நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் நாளே நிறுத்தத்தில் ஒட்டியிருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடகோடியில் இருக்கும் ஹெரோனிசோஸுக்கு மட்டும் பேருந்து குறைவு.

நடை

சாலைகள் வருவதற்கு முன் இந்தத் தீவில் எல்லாம் கழுதைப் பாதைதான். ஊரிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து துறைக்கு. இரண்டு பக்கமும் சுண்ணாம்பில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர், நடுவில் கல் பாவிய தடம். அந்தப் பாதைகளைச் செப்பனிட்டு, எண் பொறித்த சிறு பலகைகள் வைத்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வலையாக மாற்றியிருக்கிறார்கள். கிரேக்கத் தீவுகளில் நடப்பதற்கு இதைவிட ஒழுங்காகப் பேணப்படும் இடம் மிகக் குறைவு. பாதை வரைபடம் தீவிலேயே கிடைக்கும். முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

முதல் மாலைக்கு ஒரு சின்ன நடை: அப்பொல்லோனியாவிலிருந்து அனோ பெதாலி வழியாக அர்தெமோனாஸ். இருபது நிமிடம். வண்டி நுழையாத படிக்கட்டுத் தெரு. பாவுகற்களின் விளிம்புகளுக்கெல்லாம் வெள்ளையடித்திருப்பார்கள். அர்தெமோனாஸில் பழைய செல்வந்தர் வீடுகளும் பூச்சட்டிகள் நிறைந்த முற்றங்களும் உண்டு. பாதாம் பருப்பை அரைத்துப் பன்னீர் மணக்கச் செய்யும் அமிக்தலோட்டா என்ற இனிப்பை அங்கே வாங்கிக்கொண்டு, ஊருக்கு மேலே காற்றாலைகள் இருக்கும் மேட்டுக்குப் போங்கள். கிழக்கே அந்திபாரோஸ், பாரோஸ் தீவுகள் தெரியும்.

ஒரே ஒரு நாள்தான் நடக்க முடியும் என்றால் இந்த வழியை எடுங்கள்: காஸ்த்ரோ, ஃபாரோஸ், கிரிசோபியி, பிளாதிஸ் யாலோஸ். காலை ஏழரைக்குள் அப்பொல்லோனியாவிலிருந்து கிழக்கே இறங்கும் பழைய பாதையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் காஸ்த்ரோ வந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டு வரை காஸ்த்ரோதான் தலைநகர். கடலுக்கு மேல் துருத்தும் ஒரு குன்றின் தலையில், வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதிலாகும்படி நெருக்கிக் கட்டிய ஊர். கடற்கொள்ளையர் பயம் இருந்த காலத்தின் ஊர். ஒரு வீட்டின் மேல்மாடிக்குப் போகும் வழி இன்னொரு வீட்டின் கூரைமேல் பாலமாகப் போகும். தெருவோரத்தில் ரோமானியர் காலத்துக் கல் சவப்பெட்டிகள் கிடக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் துணி காயும். அருங்காட்சியகம் சின்னது, ஆனால் போய்ப் பாருங்கள். பிறகு ஊருக்குக் கீழே, கடலில் நீட்டிய பாறையின் நுனியில் தனியாக நிற்கும் ஏழு தியாகிகள் கோயிலுக்குப் படியிறங்குங்கள். அது பெரும்பாலும் பூட்டியிருக்கும். பரவாயில்லை, போவது கோயிலுக்குள் நுழைய அன்று, அலை மூன்று பக்கமும் மோதும் அந்தப் பாறையில் பத்து நிமிடம் உட்கார. காற்று பலமாக இருந்தால் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

காஸ்த்ரோவிலிருந்து தெற்கே ஃபாரோஸ் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பாதை கடலுக்கு மேலே ஏறி இறங்கிப் போகும், நிழலே கிடையாது. ஃபாரோஸ் மீனவர் சிற்றூர். அங்கே சாப்பிட்டு, வெயில் தாழும்வரை நீரில் கிடந்து, நான்கு மணிக்கு மேல் எழுந்து நடங்கள். கிளிஃபோ கரையைத் தாண்டி அரைமணி நேரத்துக்குள் கிரிசோபியி வந்துவிடும்.

கிரிசோபியி தீவின் காவல் தாய். 1650இல் கட்டிய மடம் ஒரு பாறைத் திட்டின்மேல் நிற்கிறது. கரைக்கும் திட்டுக்கும் இடையே ஒரு குட்டிப் பாலம். கொள்ளையர் துரத்திவந்தபோது அங்கே அடைக்கலம் புகுந்த பெண்கள் மாதாவை வேண்ட, பாறை இரண்டாகப் பிளந்து கடல் குறுக்கே புகுந்தது என்பது ஊர்க்கதை. பாலத்தில் நின்று கீழே பிளவைப் பார்க்கும்போது இந்தக் கதையைச் சொன்னவர்களின் நம்பிக்கை புரியும். உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும். வெளியே சரிவான பாறைகளிலிருந்து நேராகக் கடலில் இறங்கலாம். தீவிலேயே தெளிந்த தண்ணீர் இங்கேதான் என்பது என் எண்ணம். நீச்சல் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலேயே அபொகோஃப்தோ என்ற கரை இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாதிஸ் யாலோஸ். கடைசிப் பேருந்தைப் பிடித்து மேலே திரும்பலாம்.

மலை ஏற விரும்புகிறவர்களுக்கு ப்ரொஃபீதிஸ் இலியாஸ், 680 மீட்டர், தீவின் உச்சி. கதவாத்தியிலிருந்து ஏறினால் இரண்டு மணி நேரம். உச்சியில் ஒரு பழைய மடம் கோட்டைபோல நிற்கிறது. விடியலில் கிளம்பி, பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். இதே பக்கத்தில் 425 மீட்டர் உயரக் குன்றின்மேல் அயியோஸ் அந்திரெயாஸ் அகழாய்வு இடம் இருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மைசீனியர் கட்டிய கோட்டையூர். மதில், வீடுகளின் அடித்தளம், தெரு, வடிகால் எல்லாம் காலடியில். அகழாய்வையும் பாதுகாப்பையும் பாராட்டி 2012இல் ஐரோப்பிய மரபுப் பாதுகாப்பு அமைப்பான யூரோப்பா நோஸ்ட்ராவின் விருதைத் தந்தார்கள். திறக்கும் நாட்களை அப்பொல்லோனியாவில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

நடக்கும்போது அங்கங்கே வட்டமான பழங்காலக் கோபுரங்களின் இடிபாடுகள் தட்டுப்படும். எழுபதுக்கும் மேல் கணக்கிட்டிருக்கிறார்கள். பகலில் புகையாலும் இரவில் தீயாலும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிய காவல் கோபுரங்கள் அவை. இவ்வளவு காவல் ஏன் என்றால், ஒரு காலத்தில் சிஃப்னோஸ் வெள்ளியும் பொன்னும் தோண்டிய பணக்காரத் தீவு. சுரங்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு கி.மு. 525 வாக்கில் தெல்ஃபி என்னும் புனிதத் தலத்தில் இவர்கள் எழுப்பிய பளிங்குக் கருவூலத்தின் சிற்பங்களை இன்றும் தெல்ஃபி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தச் செல்வத்தின் வாசனை பிடித்து சாமோஸ் தீவுக்காரர்கள் வந்து 100 தாலந்து பறித்துச் சென்றதைப் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். பிறகு சுரங்கங்களைக் கடல் கொண்டது. வடகிழக்குக் கரையில் அயியோஸ் சோஸ்திஸ் அருகே பழைய சுரங்க வாய்களைக் காணலாம். வெளியிலிருந்தே பாருங்கள், உள்ளே நுழைய வேண்டாம்.

பாதையில் கம்பிவலைக் கதவுகள் வரும். ஆடுகள் வெளியேறாமல் இருப்பதற்காக வைத்தவை. திறந்து போனால் திரும்ப மூடிக் கட்டிவிட்டுப் போங்கள். கல்சுவரின்மேல் ஏறாதீர்கள், ஒரு கல் சரிந்தால் ஒரு வரிசையே போய்விடும். அரை நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. முட்செடிகள் அதிகம் என்பதால் நீளக் காற்சட்டையே நல்லது.

கடல்

கரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாமே நல்லவை, எல்லாமே சின்னவை. காற்றைப் பார்த்துத் தேர்வு செய்யத் தெரிந்தால் போதும். வடகாற்று வீசும் நாளில் தெற்குப் பக்கம் போங்கள்: பிளாதிஸ் யாலோஸில் நீண்ட மணல், மணலிலேயே உணவு மேசைகள், வாதியில் குளம்போல அடங்கிய வட்டக் குடா, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். 1990கள் வரை வாதிக்குச் சாலை கிடையாது. படகில் அல்லது கால்நடையாகத்தான் வருவார்கள். நீரின் விளிம்பிலேயே வெள்ளைக் கோயில், கட்டிய படகுகள், மரநிழல். காற்றில்லாத மாலையில் கமாரெஸ், அங்கே சூரியன் கடலில் விழும். காஸ்த்ரோவுக்கு வடக்கே பூலாத்தி பாறைக்கரை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

பாறையோரங்களில் கடல்முள்ளி எனும் முள்ளுருண்டை இருக்கும். மிதித்தால் முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். ரப்பர் செருப்போடு இறங்குங்கள்.

சாப்பாடு

கிரேக்க மொழியில் சமையல் புத்தகத்துக்கே ஒரு மனிதரின் பெயரைச் சொல்வார்கள்: செலெமெந்தேஸ். நிகோலாஓஸ் செலெமெந்தேஸ் (1878–1958) இந்தத் தீவுக்காரர். இன்று உலகெங்கும் முசாக்கா என்னும் கத்தரிக்காய்ப் பண்டத்தின்மேல் கிடக்கும் வெள்ளை பெஷமெல் குழம்பை அதில் சேர்த்தவர் அவரே. பிரெஞ்சுப் பாணியைக் கிரேக்க அடுக்களைக்குள் கொண்டுவந்தார் என்று அவர்மேல் குறை சொல்பவர்களும் உண்டு. வியப்பு என்னவென்றால் அவருடைய சொந்தத் தீவின் சமையலில் பெஷமெலுக்கு இடமில்லை. இங்கே எல்லாமே மண்பானை, விறகு, ஆலிவ் எண்ணெய்.

ரெவிதாடாவைச் சொல்லிவிட்டேன். உணவகத்துக்கு ஞாயிறு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், பானை தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடலையை அரைத்து மூலிகை சேர்த்துப் பொரிக்கும் ரெவிதோகெஃப்தேதெஸ் எல்லா நாளும் கிடைக்கும். நம் மசால்வடையின் உறவு அது, ஆனால் உள்ளே மெத்தென்றிருக்கும். கபரோசலாட்டா இந்தத் தீவுக்கே உரிய இன்னொன்று: மலைச்சரிவில் காய்க்கும் கேப்பர் மொட்டுகளை வெயிலில் உலர்த்தி வைத்து, பிறகு ஊறவைத்து, நிறைய வெங்காயத்தோடு எண்ணெயில் சுருள வதக்குவார்கள். பார்க்கக் கருமையாக, நம் வற்றல் தொக்கைப் போல இருக்கும். ரொட்டியில் தடவிச் சாப்பிடுங்கள். பாலாடைக் கட்டிகளில் மனுராவைக் கேளுங்கள். திராட்சை மது வடித்தபின் தங்கும் வண்டலில் புதைத்து முதிர வைப்பது; வெளிப்புறம் ஊதாக் கறுப்பு, சுவை கூர்மையானது.

அசைவர்களுக்கு மஸ்தேலோ. ஆட்டிறைச்சியை மண்பானைக்குள் திராட்சைக் குச்சிகள் பரப்பி அதன்மேல் வைத்து, சோயிக்கீரையும் சிவப்பு மதுவும் சேர்த்து, இதையும் விறகு அடுப்பில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். ஈஸ்டர் உணவு, ஆனால் கோடையிலும் சில உணவகங்களில் வார இறுதியில் கிடைக்கும். பானையின் பெயர்தான் பண்டத்தின் பெயர். இனிப்பில் மெலோபிட்டா: புதுப் பாலாடைக் கட்டியும் தைம் பூத் தேனும் முட்டையும் சேர்த்துச் சுட்டு, பட்டைத்தூள் தூவியது.

சைவர்கள் இந்தத் தீவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிரேக்க மரபுவழித் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் தலைமுறைகளாகச் செழித்திருக்கிறது. லதேரா என்றால் எண்ணெயில் வேகவைத்த காய்கறி. ஹோர்ட்டா என்றால் வேகவைத்த காட்டுக் கீரை. ஃபாவா என்றால் கடைந்த பருப்பு. "தென் த்ரோஓ க்ரேஆஸ், ஊதே ப்சாரி" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்: இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஓர் எச்சரிக்கை: "நிஸ்திசிமோ", அதாவது விரத உணவு, என்று பட்டியலில் இருந்தாலும் அதில் கணவாயோ ஆக்டோபஸோ இருக்கலாம். இரத்தம் இல்லாத உயிர் என்று சொல்லி விரதத்தில் அவற்றுக்கு அனுமதி உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குடமிளகாய், தக்காளிக்குள் அரிசி அடைத்த யெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி சேரும். கடும் சைவர்கள் பாலாடைக் கட்டியையும் விசாரிக்க வேண்டும்; மரபான முறையில் பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பைச் சத்தைத்தான் சேர்க்கிறார்கள்.

மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். இடையில் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் உறங்கும். அப்போது தெருவில் உரக்கப் பேசுவது நாகரிகமில்லை. காப்பி கேட்டால் சர்க்கரை அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஸ்கேதோ என்றால் சர்க்கரையில்லாமல், மேத்ரியோ என்றால் மட்டாக, கிளிகோ என்றால் இனிப்பாக. அடியில் தங்கும் மண்டியைக் குடிக்காதீர்கள்.

திருவிழா இருந்தால்

இருநூறுக்கும் மேற்பட்ட சின்னக் கோயில்கள் இருக்கும் தீவு இது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. பனிகிரி என்னும் அந்த விழா பெரும்பாலும் திருநாளுக்கு முந்தைய மாலை நடக்கும். அந்த ஆண்டு திருவுருவப் படத்தைத் தம் வீட்டில் வைத்துப் பேணும் குடும்பம் செலவை ஏற்று, வந்தவர் எல்லோருக்கும் நீண்ட மேசைகளில் சாப்பாடு போடும். பெரிய கொப்பரைகளில் ரெவிதாடா இங்கும் உண்டு. வயலினும் லாவுதோ என்னும் நரம்புக் கருவியும் சேர, விடியவிடியப் பாட்டு. ஜூலை 19 மாலை ப்ரொஃபீதிஸ் இலியாஸ் உச்சியில் நடப்பதும், ஈஸ்டரிலிருந்து 40ஆம் நாளை ஒட்டிக் கிரிசோபியியில் நடப்பதும் பெரியவை. அவர்களுடைய ஈஸ்டர் பல ஆண்டுகளில் மேலைக் கிறிஸ்தவர்களின் தேதியிலிருந்து மாறுபடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னியர் என்று யாரும் தள்ளமாட்டார்கள். பந்தி வரிசையாக நடக்கும். இடம் காத்து, சாப்பிட்டதும் எழுந்து அடுத்தவருக்கு விடுங்கள். சாப்பாட்டுக்கு விலை கிடையாது. கோயிலுக்குள் மெழுகுவத்தி ஏற்றி, உண்டியலில் மனதுக்குத் தோன்றியதைப் போடுங்கள். நம் ஊர் அன்னதானத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு சொல்லித்தர வேண்டியதில்லை.

பானை

கடைசியில் பானை செய்கிறவர்களிடம் வருகிறேன். சிஃப்னோஸ் மண் தீயைத் தாங்கும். அதனால் இங்கே சமையல் பானை வனைவது நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில். கமாரெஸ், வாதி, பிளாதிஸ் யாலோஸ், ஃபாரோஸ் என வனைகூடங்கள் துறைகளை ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள். சூளையிலிருந்து நேராகப் படகில் ஏற்றி மற்றத் தீவுகளுக்கு அனுப்ப வசதி. வீட்டுக் கூரைகளில் துளைகளோடு கூடிய மண் புகைபோக்கிகள் தெரியும். ஃப்ளாரோஸ் என்பது அவற்றின் பெயர். தீவின் அடையாளம் அதுதான்.

மூடியுள்ள ரெவிதாடா பானையின் பெயர் ஸ்கெபஸ்தாரியா. வாங்குவதென்றால் சமைக்க ஏற்றதா, அலங்காரத்துக்கா என்று கேட்டு வாங்குங்கள். முதல்முறை தண்ணீரில் ஊறவையுங்கள். நேராக எரிவாயுச் சுடரில் வைக்காமல், சூடேறாத அவனில் வைத்துப் படிப்படியாக வெப்பத்தைக் கூட்டுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுவருவதுதான் பாதுகாப்பு.

சில நடைமுறைகள்

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். மழை குறைந்த தீவு. குளிக்கும் நீரையும் அளந்தே செலவழியுங்கள். கழிப்பறைத் தாளைத் தொட்டியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை. சிறு கடைகளுக்காகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். அவசர எண் 112. சுகாதார நிலையம் அப்பொல்லோனியாவில் உண்டு என்றாலும் பெரிய சிகிச்சைக்கு வெளியேதான் போக வேண்டும். நாள்தோறும் சாப்பிடும் மாத்திரைகளைக் கூடுதலாகவே கொண்டுபோங்கள். எதிரே வருபவர் யாரானாலும் மதியம்வரை "கலிமேரா" என்று வணக்கம் சொல்லுங்கள். பதில் வராத இடமே இல்லை.

அறையைப் பதிவு செய்யும்போது ஒன்றைப் பாருங்கள். 2024இல் யூரோப்பா நோஸ்ட்ரா வெளியிட்ட, ஐரோப்பாவில் பெரும் ஆபத்தில் இருக்கும் ஏழு மரபிடங்களின் பட்டியலில் சிஃப்னோஸ், செரிஃபோஸ், ஃபொலேகாந்திரோஸ் ஆகிய சைக்ளடீஸ் தீவுகள் இடம்பெற்றன. அளவுமீறிய சுற்றுலாக் கட்டடங்கள்தான் காரணம். படிக்கட்டு வயல்களை வெட்டி மாளிகைகளும், தண்ணீர் இல்லாத மலையில் நீச்சல் குளங்களும் எழுகின்றன. ஒவ்வொரு மாளிகைக்கும் ஒரு புதுச் சாலை போகிறது; அந்தச் சாலை ஒரு பழைய கழுதைப் பாதையை விழுங்குகிறது. ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டில் ஓர் அறை எடுங்கள். நீச்சல் குளம் உள்ள இடத்தை எடுக்காதீர்கள். எந்த அறையிலிருந்தும் கடல் ஒரு மணி நேர நடைதான்.